வைஃபை வாசலில் நின்றவர்கள்

மில்லில் எது நின்றாலும், மோட்டாரே எரிந்தாலும், முதலில் "நெட்டு இல்லையா?" என்றுதான் கேட்பார்கள், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் என் தொழில். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்து ஏற்றுமதி செய்யும் ஒரு மில்லில் கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களுக்கு ஒரு குடோனும் உண்டு. இதே வேலை பார்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொல்லப்போகிற ஆட்கள் உங்கள் ஆபீஸிலும் வேறு பெயரில் உட்கார்ந்திருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

எதிர் டீக்கடை

எங்களிடம் இரண்டு சாஃப்ட்வேர்கள் இருந்தன. ஒன்று, ஆபீஸ் வேலைக்கு ஓடும் போன்களையும் டேப்லெட்டுகளையும் பார்த்துக்கொள்வது. எது யாரிடம் இருக்கிறது, லாக் போட்டிருக்கிறதா, அப்டேட் ஆகியிருக்கிறதா எல்லாம் அதற்குத் தெரியும். இன்னொன்று, நெட்வொர்க் வாசலில் நின்று யாரை உள்ளே விடலாம் என்று முடிவு செய்வது. முதலாவதுக்கு விவரம் தெரியும், தடுக்கத் தெரியாது. இரண்டாவது தடுக்கும், ஆனால் ஒரு விவரமும் தெரியாது. இரண்டும் ஒன்றோடொன்று பேசியதே இல்லை.

எங்கள் விற்பனை மேனேஜர் வேலையை விட்டு வேறொரு மில்லில் சேர்ந்தார். முதல் சாஃப்ட்வேரில் அவர் பெயர் அன்றே போய்விட்டது. வாசலில் நிற்பதற்கு அந்தச் சேதி போகவில்லை. ஒரு மத்தியானம் பார்த்தால் அவருடைய போன் எங்கள் நெட்வொர்க்குக்குள் இருக்கிறது. மனுஷர் மில் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரிந்ததோ இல்லையோ, ஏற்றுமதி விலைகள் இருக்கும் ஃபோல்டர் அந்த போனுக்குத் திறந்தே கிடந்தது. முதலாளியைக் கூப்பிட்டு ஸ்கிரீனைக் காட்டினேன். அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். டீக்கடையிலிருந்து அவர் கை அசைக்க, இவரும் அசைத்தார். இரண்டு சாஃப்ட்வேரையும் பேச வைக்க முடியுமா என்று முதலாளி கேட்டார். முடியும் என்றேன். ஜன்னலை விட்டு நகராமல் சொன்னார்: "அவரு டீயக் குடிக்கட்டும்மா. நம்ம ரேட்டக் குடிக்க வேண்டாம்."

முதலாளி வெளியே

பேச வைப்பது சொன்ன மாதிரி லேசாக இல்லை. இப்போதைய போன்கள் வைஃபையில் தங்கள் நிஜ அடையாள நம்பரை மறைத்து வேறொரு நம்பரைக் காட்டும். ஆகவே ஒரே போனை ஒரு சாஃப்ட்வேர் ராமன் என்றது, இன்னொன்று கிருஷ்ணன் என்றது. கடைசியில் ஒவ்வொரு போனுக்குள்ளும் ஒரு டிஜிட்டல் சான்றிதழை ஏற்றினேன். அதைக் காட்டினால்தான் வாசல் திறக்கும், திறக்கும் முன் வாசலும் மற்ற சாஃப்ட்வேரிடம் "இது நம்ம போன்தானா, ஒழுங்காக இருக்கிறதா?" என்று கேட்டுக்கொள்ளும். முதல் போன் அனுமதி கிடைத்து ஸ்கிரீனில் பச்சையாக மாறியபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அறையில் வேறு யாரும் இல்லை. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை விதி அமலுக்கு வந்தது. லாக் போடாத போனுக்கு இடமில்லை. முதலில் வெளியே போனது முதலாளியின் போன். அவர் ஆயுளில் போனுக்கு லாக் போட்டவரில்லை. அவருக்கு மட்டும் விலக்குக் கொடுத்துவிடு என்று ஆபீஸே என்னைச் சுற்றி நின்றது. அவருக்குக் கொடுத்தால் மத்தியானத்துக்குள் மேனேஜர்கள் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். அதை அவரிடமே போய்ச் சொன்னேன். அவர் போனை நீட்டி எப்படிப் போடுவது என்று கேட்டார். நம்பரை அழுத்தும்போது என்னை அந்தப் பக்கம் திரும்பச் சொன்னார். வீட்டம்மாவை அழைத்துத் தெலுங்கில் விஷயத்தைச் சொல்லிச் சிரித்தார். வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "என் மில்லுக்குள்ள வாரதுக்கு நானே அனுமதி கேட்டுட்டேன். இனி எவன் கேக்கமாட்டேங்கான்னு பாப்போம்."

மாரியக்காவின் சந்தேகம்

தறி ஷெட்டில் சூப்பர்வைசர் மாரியக்கா. செட்டியார்பட்டியிலிருந்து வருகிறவர். துணியில் பிசிர், ஓட்டை தெரிந்தால் தன் சொந்த போனில் படம் எடுத்து அனுப்புவார். ஷெட்டில் மற்ற பெண்களும் அப்படித்தான்; அந்த போன்களுக்கும் இனி சான்றிதழ் வேண்டும் என்றதும், பேசுவதை எல்லாம் கம்பெனி ஒட்டுக்கேட்கப் போகிறது என்று ஷெட்டில் பேச்சு பரவிவிட்டது. மாரியக்கா போனைத் தரவில்லை. அவர் தராததால் ஒருத்தியும் தரவில்லை.

சாப்பாட்டு வேளையில் டிபன் பாக்ஸோடு போய் அவர்கள் நடுவில் உட்கார்ந்தேன். போனுக்குள் ஆபீஸுக்கென்று தனியாக ஒரு அறை, அதைத்தான் நான் பூட்டவோ காலி செய்யவோ முடியும், மற்ற அறைகளில் எட்டிக்கூடப் பார்க்க முடியாது என்றேன். நம்பவில்லை. என் லேப்டாப்பைத் திறந்து என் சொந்த போன் அதில் எப்படித் தெரிகிறது என்று காட்டினேன். போன் மாடல், லாக் இருக்கிறது, அப்டேட் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். மாரியக்கா விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். படம் தெரியுமா, பேச்சு கேட்குமா என்று கேட்டுக்கொண்டார். அப்புறம் என்னைத் தறி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், தணிந்த குரலில்: "ஏட்டி, மருமவளப் பத்தி நான் எங்க அக்காட்ட பேசுதது ஒனக்குக் கேக்காதுல்லா? அப்பப் போட்டு விடு. மத்தவளுவகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

அன்று சாயங்காலத்துக்குள் ஷெட் முழுக்கப் பச்சை.

குடோனில் விழுந்த முடிச்சு

குடோன் பொறுப்பாளர் தேவசகாயம் அண்ணாச்சி அதிகம் பேசாதவர். அவர் போன் செய்தாலே விஷயம் பெரிசு. பெட்டிகளில் பார்கோடு படிக்கும் ஸ்கேனர் எதுவும் நெட்வொர்க்குக்குள் போகவில்லை, தூத்துக்குடி கப்பலுக்குப் போக வேண்டிய கன்டெய்னர் லாரி வாசலில் நிற்கிறது என்றார். அடுத்த பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் இறங்கினேன்.

விடுமுறையில் ஸ்கேனர்கள் சார்ஜ் இல்லாமல் கிடந்திருக்கின்றன. பல நாளாகத் தன் நிலையைப் பற்றி முதல் சாஃப்ட்வேருக்குத் தகவல் தராத கருவியை உள்ளே விடாதே என்பது நான் போட்ட விதி. தகவல் தர வேண்டுமென்றால் நெட்வொர்க் வேண்டும். நெட்வொர்க்குக்குள் வர வேண்டுமென்றால் தகவல் தந்திருக்க வேண்டும். லாரி டிரைவர் ஹாரன் அடித்தார். விதியையே தூக்கிவிடலாமா என்று ஒரு கணம் கை போனது. தூக்கினால் வாசல் எல்லோருக்கும் திறந்துவிடும். அதற்குப் பதிலாக, நிறுத்தப்பட்ட கருவிகளுக்கென்று ஒரு சின்னப் பாதை போட்டேன். அதில் போனால் தகவல் தரும் இடத்துக்கு மட்டும்தான் போகலாம், வேறெங்கும் போக முடியாது. ஸ்கேனர்கள் ஒவ்வொன்றாகப் போய்ச் சொல்லிவிட்டு உள்ளே வந்தன. பெட்டிகள் லாரியில் ஏற ஆரம்பித்தன. அண்ணாச்சி எனக்கு ஒரு சேர் இழுத்துப் போட்டார்: "சாவிய உள்ள வச்சுல்லா பூட்டிட்டிய. ஆனா கதவ ஒடைக்காமத் தொறந்துட்டிய, அதச் சொல்லணும்."

அருவிக்குப் போன போன்

எலக்ட்ரிகல் இன்ஜினியர் குமரேசன் ஞாயிற்றுக்கிழமை அய்யனார் கோவில் அருவிக்குப் போய் கம்பெனி போனைத் தொலைத்தார். கம்பெனி போன் என்பதால், அவர் சொன்ன நிமிஷமே அதில் இருந்ததை எல்லாம் முழுதாக அழிக்க உத்தரவு போட்டேன். வாசலும் கூடவே தானாக அடைத்துக்கொண்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் வேலைக்கு வந்தவர் ஈரத் துண்டுக்குள் இருந்து போன் கிடைத்துவிட்டதாகச் சொன்னார். சொல்லிவிட்டும் போகாமல் நின்றார்: "மேடம், தொலைஞ்ச போன் கிடைச்சிருச்சு. அதுல இருந்த என் பொண்ணு போட்டோ எங்க போய்த் தேடணும்?"

சுவரில் செருகிய வயர்

எங்கள் தறிகளில் பாதி ஒரே ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக ஓடுகிறது. அவர்கள் சார்பில் சென்னையிலிருந்து ஒரு ஆய்வாளர் வந்தார். திருப்தி இல்லையென்றால் ஆர்டர் போய்விடும். காபி வருவதற்குள் அவர் யாரையும் கேட்காமல் லேப்டாப்பின் நெட்வொர்க் வயரை மீட்டிங் அறைச் சுவரில் செருகினார். பிறகு யாரிடமோ வாங்கி வைத்திருந்த வைஃபை பாஸ்வேர்டைத் தன் போனில் போட்டுப் பார்த்தார். வாசல் இரண்டையும் விசாரித்தது, நம்ம ஆள் இல்லை என்று பதில் வந்தது, இரண்டையும் வெளியாட்களுக்கென்று வைத்திருந்த விருந்தினர் பாதைக்குத் தள்ளிவிட்டது. மனுஷர் முகம் இறுகியது. வந்தவர் மனம் கோணாமல் திறந்து விடு என்று முதலாளி என் காதில் சொன்னார். செத்த நேரம் பொறுங்கள் என்றேன். ஆய்வாளர் எங்கள் ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகத் திறக்கப் பார்த்தார், ஒன்றும் திறக்கவில்லை.

ஆர்டர் தொடரும் என்ற செய்தி பிற்பாடுதான் வந்தது. ஆனால் அவர் லேப்டாப்பை மூடிக்கொண்டு சொன்னபோதே எனக்குத் தெரிந்துவிட்டது: "மத்த மில்லுல எல்லாம் இந்நேரம் அவங்க ஃபைல் பூரா என் ஸ்கிரீன்ல இருக்கும். இங்க எனக்கு இன்டர்நெட் மட்டும்தான் கிடைக்குது. எனக்கு இது போதும்."

எத்தனை பேரை ஒழுங்காக உள்ளே விட்டாலும் ஒருத்தரும் திரும்பிப் பார்க்காத இந்த வேலையில், சரியான ஒரு ஆளை வெளியே நிறுத்தியதற்குத்தான் எனக்கு முதல் கைதட்டல் கிடைத்தது.