அறந்தாங்கிக் கண்மாயிலிருந்து கோட்டைப்பட்டினம் வரை: ஒரு நெட்டி விமானத்தைத் தேடி

பன்னிரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன், போதும். புதுக்கோட்டையில் நாங்கள் தொடங்கிய மாதிரி விமான மன்றம் போன மாதம் ஓர் ஆண்டு மலர் வெளியிட்டது. அதில் 1954 கோடைப் போட்டியைப் பற்றி ஒரே வரி: “ஓர் உறுப்பினர், தம் விமானம் இருபத்து மூன்று நிமிஷம் பறந்ததாகச் சொல்லிக்கொண்டார்.” அந்த உறுப்பினர் நான். சொல்லிக்கொள்ளவில்லை, பறந்தது. கோட்டைப்பட்டினத்துக்கு மாற்றலாகிப் போன நண்பர் ஒருவர், அங்கே ஒரு படகுக்காரர் வீட்டில் காகித இறக்கை தொங்குவதாக எழுதினார். மே மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

காலை 6.10-க்குப் புதுக்கோட்டையில் பஸ். அறந்தாங்கி இருபத்தொரு மைல், கட்டணம் 65 பைசா. அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. காப்பி குடித்துவிட்டுக் கண்மாய்ப் பக்கம் நடந்தேன்.

கோடையில் நீர் வற்றியதும் அதுதான் எங்கள் மைதானம். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த 1948-இல் ஆறு பேராக மன்றத்தைத் தொடங்கினோம். வெளிநாட்டு மரக்கட்டைக்கு எங்கே போவது? மாட்டுப் பொங்கல் முடிந்ததும் மாலைக்காரர்களிடம் மிஞ்சிய, தக்கை போல் லேசான நெட்டித் தண்டைச் சேகரிப்போம். மூங்கில் பிளாச்சு, நெட்டித் துண்டு, பட்டம் ஒட்டும் காகிதம், கஞ்சிப் பசை. ஆறடி இறக்கையைத் தூக்கினால் ஒரு விசிறியின் கனம்தான் இருக்கும். ஒருவர் நூலைப் பிடித்துக்கொண்டு ஓட, விமானம் பட்டம் போல ஏறி, நூலைக் கழற்றிக்கொண்டு தானாக மிதக்கும். அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓடிச் சேற்று வெடிப்பில் விழாதவர் மன்றத்தில் இல்லை. அன்றும் இன்றும் மன்றச் செயலாளராக இருப்பவரும் நானும் அப்போது ஒரே தூக்கில் புளிச்சோறு சாப்பிட்டவர்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

1954-இல் என் விமானம் கண்மாய்க்கு மேலே சூட்டுக்காற்றில் சிக்கி ஏறிக்கொண்டே போனது. மேல்காற்று அதைக் கிழக்கே தள்ளியது. கடிகாரத்தில் இருபத்து மூன்று நிமிஷம் ஆனபோது கண்ணுக்கு மறைந்தது. ஆனால் மன்றத்தின் விதிப்படி இறங்கியதைப் பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் விமானத்தைக் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

“சிலோனுக்கே போயிருக்கும் சார். அங்கிட்டு இருந்து கடுதாசி வரும், பாருங்க” என்றார் செயலாளர். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளே தபால்தலை ஒட்டாத பேரிங் கடிதம் ஒன்று வந்தது. இரட்டைக் கட்டணம் கட்டிப் பிரித்தேன். “கொழும்பில் சுகமாக இறங்கினேன். இப்படிக்கு, தங்கள் விமானம்.” ஆறு வருஷமாக மன்றக் குறிப்பேட்டில் நான் பார்த்த அதே அழகான கையெழுத்து. அன்றோடு மன்றத்தை விட்டேன். அவரிடம் பேசுவதையும் விட்டேன்.

அறந்தாங்கியிலிருந்து ஆவுடையார்கோயில் வழியாக மீமிசல் இருபத்திரண்டு மைல், 70 பைசா. சாலை மோசம், முன் இருக்கையில் உட்காருங்கள். மீமிசலில் பதினொன்றரைக்கே மீன் சாப்பாடு கிடைக்கிறது, ஒரு ரூபாய். அங்கிருந்து வடக்கே ஆறு மைல், 20 பைசா. ஒரு மணிக்குக் கோட்டைப்பட்டினம்.

படகுக்காரர் காசிம் மரைக்காயருக்கு அறுபது வயதிருக்கும். கூடத்துச் சுவரில் என் இறக்கை தொங்கியது. காகிதம் பெரும்பாலும் போய்விட்டது. நடுப்பகுதியில் மட்டும் நான் எழுதிய பெயர், விலாசம், தேதி.

“ஒங்க சாமானா? கரைக்கு அங்கிட்டு, ரெண்டு பாகம் ஆழத்துல வலையில வந்துச்சுங்க. மொதல்ல ஏதோ பெரிய கொக்குன்னு நெனச்சோம்.”

“எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாமே” என்றேன். கொஞ்சம் கோபமாகத்தான்.

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: “கடுதாசிய வாங்காத மவராசரு இவருதானா?”

மரைக்காயர் ஒரு தகரப்பெட்டியைத் திறந்து பழுப்பேறிய உறை ஒன்றை நீட்டினார். என் விலாசம். தபால்தலை இல்லை. குறுக்கே தபால்காரர் எழுதியிருந்தார்: வாங்க மறுத்தார்.

“ஸ்டாம்பு ஒட்டுனா எங்கயாச்சும் போட்டுருவாங்க. பேரிங்கா போட்டா, காசு வசூல் பண்ணணுமேன்னு தபால்காரரு கட்டாயம் வீட்டுக்குக் கொண்டுவருவாரு. அதான் அப்படிப் போட்டேன். திரும்பி வந்துச்சு, கூலியையும் நானே கட்டுனேன்” என்று சிரித்தார்.

எனக்கு நினைவு வந்தது. கேலிக் கடிதம் வந்து ஒரு வாரம் கழித்து இன்னொரு பேரிங் கடிதம் வந்தது. மறுபடியும் செயலாளரின் விளையாட்டு என்று நினைத்து, கையில்கூட வாங்காமல் திருப்பி அனுப்பினேன். உறையைப் பிரித்தேன். “உங்கள் விமானம் கடலில் கிடைத்தது. பத்திரமாக உள்ளது. வந்து வாங்கிக்கொள்ளவும்.” போட்டி முடிந்து மூன்றாம் நாள் எழுதியது.

இறக்கையைக் கொடுத்தார், வாங்கவில்லை. பஸ்ஸில் நொறுங்கிவிடும் என்று காரணம் சொன்னேன். கடிதத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரம், கடைகள் இருக்காது. கையில் தண்ணீர் வேண்டும். திரும்ப மாலை 4.20 பஸ்ஸை விட்டால் இரவு அங்கேதான். மரைக்காயர் வீட்டில் டீ குடிக்காமல் விடமாட்டார்கள்.

கடிதத்தைக் காட்டி மலரில் திருத்தம் கேட்கலாம். கேட்டால், அதை ஏன் அன்றைக்கே வாங்கவில்லை என்று செயலாளர் பத்துப் பேர் முன்னால் கேட்பார். அவருடைய கொழும்புக் கடிதத்தை மன்னிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. ஆகவே இதை ஒரு வாரப் பத்திரிகையின் பயணப் பக்கத்துக்குத் தபாலில் சேர்க்கிறேன். கீழே பெயர் போடப்போவதில்லை. முதல் பத்தியிலேயே அவருக்கு நான் யாரென்று தெரிந்துவிடும். மற்றவர்களுக்கு விமானம் பறந்தது என்று தெரிந்தால் போதும்.