திறக்காத மினிபஸ் கதவு

நாரின் நகரில் அந்தப் பாலர் பள்ளியைத் தினமும் காலையில் திறப்பவள் புருல்சாதான். சாவி எப்போதும் அவள் கோட்டுப் பையில் இருக்கும். அன்று குளிர் எலும்பைத் துளைத்தது. மினிபஸ் ஜன்னல்களில் பனி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பார்த்துக்கொண்டே வந்தவள், பள்ளி நிறுத்தத்தில் எழுந்தாள். கதவு திறக்கவில்லை, உறைந்து இறுகியிருந்தது.

"தம்பி, பிள்ளைங்க வாசல்ல நிக்குதுங்கப்பா," என்றாள்.

"நான் என்னக்கா பண்றது? என் மாமியாராட்டம் முறுக்கிக்கிட்டு நிக்குது," என்றபடி ஓட்டுநர் ஷாயிர்பெக் இறங்கிப் போய் வெளியிலிருந்து உதைத்தான். கதவு அசையவில்லை. உள்ளே ஒரு பெரியவர் பிளாஸ்கிலிருந்த தேநீரைக் கதவிடுக்கில் ஊற்றினார். அதுவும் உறைந்தது.

"இருந்த டீயும் போச்சா?" என்று பின்னாலிருந்த பெண் சிரித்தாள்.

புருல்சாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஓட்டுநர் இருக்கையைத் தாண்டி, அவன் பக்கத்துக் கதவு வழியே பனியில் குதித்தாள். முழங்காலில் அடிபட்டது. எழுந்து ஓடினாள்.

பள்ளி வாசலில் ஒருவருமில்லை. தெருவின் இரு பக்கமும் தேடினாள். பிறகுதான் எதிர் ரொட்டிக்கடைக்குள் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. கடைக்காரி அவர்களை அடுப்பருகே உட்காரவைத்து, ஆளுக்கொரு துண்டு சூடான ரொட்டி கொடுத்திருந்தாள்.

"மெதுவா வாங்கக்கா. இதுங்க இப்போதைக்கு நகராதுங்க," என்றாள் பிள்ளையை விட வந்திருந்த ஒரு தாய்.

புருல்சா பள்ளியைத் திறந்து கணப்பை மூட்டினாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் வீட்டிலிருந்து முன்னதாகவே கிளம்பி, ஓட்டுநரின் கதவு வழியே இறங்கத் தோதாக அவரை ஒட்டிய இருக்கையில்தான் உட்கார்ந்தாள். அந்த இருக்கையை யாராவது முந்திக்கொண்டால், அடுத்த வண்டி வரும்வரை பனியில் நின்றாள்.