உப்பு ஜாடியின் மூடி

பிள்ளைகளே, வெளிநாட்டு ஆட்களை இங்கே சிங்கப்பூரில் வேலைக்கு விடலாமா கூடாதா என்று நேற்றுச் சாப்பிடும்போது நீங்கள் இருவரும் சண்டை போட்டீர்கள். என்னையும் கேட்டீர்கள். எனக்குப் படிப்பு குறைவு, உடனே பதில் வராது. அதனால் பார்த்த ஒன்றை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா பக்கத்துக் கோயிலில் நான் பந்தி பரிமாறுவது உங்களுக்குத் தெரியும். அங்கே மடைப்பள்ளியில் சமைத்தவர் திருவாரூர்ப் பக்கத்துக்காரர், வேலை பெர்மிட்டில் வந்தவர். அவருடைய மகள் ஊரில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். பெர்மிட் முடியப்போகிறது, புதுப்பிப்பதா வேண்டாமா என்று நிர்வாகக் குழுவினர் பந்தியில் உட்கார்ந்தே பேசினார்கள். அவர்களுக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர் அந்தச் சமையல்காரரேதான்.

"மாசாமாசம் கவர்மெண்டுக்கு லெவி கட்டணும், ரூம் கொடுக்கணும். இங்க நம்ம ஆளுங்க வேலை போயி வீட்ல உட்கார்ந்திருக்காங்க லா," என்றார் பொருளாளர். அவருடைய தம்பிக்கே ஜூரோங்கில் வேலை போயிருந்தது.

எதிரே இருந்தவர் ஓய்வு பெற்ற நர்ஸ் அக்கா. "சாமி முன்னாடி உள்ளூரு வெளியூருன்னு பிரிப்பீங்களா? உங்க தாத்தா கப்பல்ல வந்தப்ப இதெல்லாம் யாரு கேட்டா?"

"தாத்தாவ விடுங்க. சாமிக்குச் சமைக்கிறது தொண்டு. சம்பளத்துக்குச் செஞ்சா அது தொண்டா?"

"அப்ப தினமும் விடியக்காலையில வந்து அடுப்பு பத்த வைப்பீங்களா? ஆபீஸ்ல விடுவாங்களா? அந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்க."

காசில் தொடங்கியவர் சாமிக்கு வந்துவிட்டார். சாமியில் தொடங்கியவர் கணக்குக்குப் போய்விட்டார். இரண்டு பேரும் மனதாரத்தான் பேசினார்கள்.

"அண்ணே, நீங்களே சொல்லுங்க," என்று அக்கா சமையல்காரரைக் கேட்டார்.

"ரசம் ஊத்தவாக்கா?" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை தொண்டர்களே பொங்கல் வைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. சாமிக்குப் படைக்கும் முன்னே ருசி பார்க்கக் கூடாதல்லவா? ஒருவர் உப்புப் போட்டுவிட்டு இலை நறுக்கப் போனார். அது தெரியாமல் அடுத்தவர் வந்து போட்டார். பொருளாளர் தம் பங்குக்கு ஒரு கை போட்டார். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல முடியாது. எல்லாரும் விழுங்கி வைத்தோம்.

"சாங்கி கடல் தண்ணியிலயா வச்சீங்க?" என்றார் அக்கா.

"பழகிடும் லா. அடுத்த தடவ ஒருத்தர் மட்டும் போடட்டும்," என்று சொல்லிவிட்டு, பொருளாளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

பெர்மிட் புதுப்பிக்கப்படவில்லை. சமையல்காரர் கிளம்பும் நாளில், வெள்ளிக்கிழமைப் பொங்கல் முறை எனக்கு வந்திருப்பதை அவரிடம் சொன்னேன். "உப்புப் போட்டதும் ஜாடி மூடியக் கவுத்து வச்சிடுங்கண்ணே, அடுத்து வர்றவங்களுக்குத் தெரியும்," என்றார். மகள் படிப்பு என்னாகும் என்று கேட்டேன். "மஸ்கட்டுல ஒருத்தர்கிட்ட வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன்," என்றார்.

யார் சொன்னது சரி என்று இன்னும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஈசூனிலிருந்து முதல் ரயிலில் போனேன். மடைப்பள்ளியில் என்னைத் தவிர யாருமில்லை. பொங்கலுக்கு உப்புப் போட்டேன். ஜாடியின் மூடியைக் கவிழ்த்து வைத்தேன்.