மேட்டுக்காட்டில் ஊன்றிய கல்

மல்லாங்கிணறு பக்கம் என் மாமனாருக்கு இருந்தது கொஞ்சம் புஞ்சை. அவர் போன பிறகு என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டார்கள். மூத்தவர் முதலில் எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கிணற்றடிப் பள்ளத்தை நாங்கள் எடுத்தோம். சரளைக் கல்லாகக் கிடந்த மேடு கொழுந்தனாருக்குப் போனது. அன்றைக்குக் கமுக்கமாகச் சிரித்தவள் நான்தான். அண்ணன் தம்பிக்குள் என்ன பத்திரம் என்று, பட்டாவைக் கூட்டாகவே விட்டுவிட்டோம்.

பல வருஷம் கழித்துக் காற்றாலைக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். எங்கள் பள்ளத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மேட்டில் ஏறி, சிவப்புப் பெயின்ட் அடித்த கல்லை ஊன்றினார்கள். அங்கே காற்றாடி வந்தால் வருஷா வருஷம் வாடகையாம். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. எள்ளு கூட முளைக்காத மேடு அது! வீசுகிற காற்றுக்கு ஒருவன் காசு கொடுப்பான் என்று யார் கண்டது?

கொழுந்தனார் அதற்குள் செத்துப்போயிருந்தார். வாடகை முழுக்க என் ஓரகத்திக்குத்தான். அவளும் நானும் விஸ்வநத்தத்தில் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தோம். எனக்குப் பெட்டி ஒட்டுகிற வேலை. அவளுக்கு மருந்து அடைக்கிற வேலை.

ஊர்க்கூட்டம் போட்டபோது பொறாமை என்று சொல்ல முடியுமா? "காத்தாடி சுத்துனா மேகமெல்லாம் கலைஞ்சிரும், மழை எப்படி வரும்?" என்று எழுந்து கத்தினேன்.

"இப்ப மட்டும் அம்புட்டு மழையா கொட்டுது? உக்காருங்க மதினி" என்றார் ஒருவர். கூட்டமே சிரித்தது. ஊர் சம்மதித்துவிட்டது.

பிறகுதான் கம்பெனிக்காரர்கள் காகிதத்தைப் புரட்டினார்கள். கூட்டுப்பட்டா என்பதால் என் வீட்டுக்காரர் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

அன்று சாயங்காலமே ஓரகத்தி வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, அத்தான ஒரு கையெழுத்து போடச் சொல்லுங்க. வாடகை வந்துச்சுன்னா மருந்து ரூம் வேலைய விட்டுருவேன். தெனமும் உசுரக் கையில பிடிச்சுக்கிட்டுல்ல உள்ள போறேன்."

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. "மொதல்ல அளந்து தனித்தனிப் பட்டா வாங்குவோம்டி. பெறகு போட்டாப் போச்சு" என்றேன். அதற்கு எத்தனை மாசம் ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அவள் போனதும் வீட்டுக்காரர் மெதுவாக, "போட்டுக் குடுத்துருவமே, பாவம்ல" என்றார்.

"போட்டீகன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்!"

அவர் போடவில்லை. கம்பெனிக்காரர்கள் இரண்டு தடவை வந்து கேட்டார்கள். மூன்றாம் தடவை வந்து கல்லைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். அன்றைக்கு ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன். பொய் சொல்வானேன்?

மறுநாள் காலையில் பட்டாசுக் கம்பெனி வேன் வந்தது. எனக்கு முந்தின நிறுத்தத்தில் ஏறுகிறவள் அவள். முகத்தைத் திருப்பிக்கொள்வாள், நானும் இரண்டு வார்த்தை கேட்கலாம் என்று தயாராகத்தான் ஏறினேன். சாப்பாட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இங்கன வாங்கக்கா, எடம் போட்டுருக்கேன்" என்றாள். நகக்கண்ணெல்லாம் மருந்துப் பொடி வெள்ளியாக ஒட்டியிருந்தது. உட்கார்ந்தேன். அவளுடைய அந்த மனசைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

விஸ்வநத்தத்தில் இறங்கினோம். நான் பெட்டி ஒட்டப் போனேன். அவள் மருந்து ரூமுக்குப் போனாள்.

இப்போது சாயங்கால வேனில் நான்தான் முதலில் ஏறி அவளுக்கு இடம் போடுகிறேன். அவள் வெளியே வருகிறவரை கம்பெனி வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.