பொன்னுசாமி கங்காணியும் சின்னக் கரண்டியும்

செய்தி லோரியில் வந்தது. ஜோகூர் பாருவில் நான் வேலை பார்க்கும் பட்டறை வாசலில், கூலாய்ப் பக்கமிருந்து ரப்பர் ஏற்றி வரும் அந்தோணி அண்ணன் வண்டியை நிறுத்தினார். எப்போதும் ஹாரனை அமுக்கியபடியே வருகிறவர், அன்றைக்குச் சத்தமில்லாமல் இறங்கி வந்தார்.

"தம்பி, ஒங்க மாமா போயிட்டாருப்பா."

"எந்த மாமா?" என்றேன். எனக்கு இருந்தது ஒரே மாமா. இருந்தும் கேட்டேன்.

"கங்காணிதான். காய்ச்சல். விடியக்காலையில அடங்கிருச்சு. ஏறு, அந்தப் பக்கந்தான் திரும்பிப் போறேன்."

காய்ச்சல் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அது இதை எழுதும்போதும் போகவில்லை. காலமானவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு ஓடியவன். எதை விட்டுவிட்டு எதை எழுதுவது என்று எனக்குத் தெரியாது. நடந்ததை எழுதுகிறேன்.

பொன்னுசாமி கங்காணி என் தாயாரின் அண்ணன். கூலாய்க்கு உள்ளே தள்ளி ஒரு ரப்பர்த் தோட்டத்தில், பால்வெட்டுக்கு ஆள் பிரித்து அனுப்பும் வேலை அவருடையது. விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். பெரட்டில் அவர் குரல் எழுந்தால் அடுத்த தோட்டத்து நாய் குரைக்கும் என்பார்கள். சுலபமான மனிதர் அல்லர். கோபம் வந்தால் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டுவார். கட்டி முடிப்பதற்குள் எதிரில் நிற்பவன் ஓடிவிட வேண்டும்.

பள்ளிக்கூடத்தை விட்ட பையன்களுக்கும் பெண்களுக்கும் தோட்டத்தில் அரையாள் என்று பெயர். அரைச் சம்பளம். எப்போது முழு ஆளாவது? அதற்கு மாமா ஒரு சோதனை வைத்திருந்தார். காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் பால் நிறைந்த வாளியை மாட்டித் தோளில் வைத்துக்கொண்டு, ஓடைமேல் கிடக்கும் கட்டைப் பாலத்தைத் தாண்டி ஸ்டோர் வரைக்கும் நடக்க வேண்டும். அவர் குடையோடு கூடவே வருவார்.

"சிந்தினா அரையாளு, சிந்தாட்டி முழு ஆளு. முருகனே வந்து சிபாரிசு பண்ணாலும் அதான்."

ஒரு தடவை குப்பன் என்ற பையன், பால் அலம்பாமலிருக்க வாளியில் இலையைப் போட்டுக்கொண்டு வந்தான். மாமா குடை நுனியால் அந்த இலையைத் தூக்கிக் காட்டினார்.

"என்னடா இது, பாலுக்குப் போர்வையா?"

"குளுருதுங்க கங்காணி" என்றான் குப்பன். பெரட்டே சிரித்தது. மாமாவும் சிரித்தார். ஆனால் அவனை அரையாளாகவே வைத்தார்.

பேர் கூப்பிடும்போதே டிரஸ்ஸர், மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினாத் தண்ணீர் வாளியோடு கூட வருவார். ஆஸ்பத்திரி வேலை, ஊசி, மருந்து எல்லாம் தோட்டத்தில் அவர்தான். வாளியில் இரண்டு கரண்டிகள் கிடக்கும். பெரிய கரண்டி முழு ஆளுக்கு. சின்னக் கரண்டி அரையாளுக்கு. மாமா பேரைச் சொல்லி "அரையாள்!" என்பார். டிரஸ்ஸரின் கை தானாகச் சின்னதற்குப் போகும். சம்பளம் அரை, அதனால் மருந்தும் அரை. இதை யார் தொடங்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதுமில்லை. கசப்பு பாதியாகக் குறைந்ததே என்று எங்களுக்குச் சந்தோஷம்.

படுக்கையில் மட்டும் நாங்கள் அரையாள் இல்லை. லயம் என்ற வரிசைக் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரே அறை. மீசை அரும்பினால் பையன் வெளியே அஞ்சடியில், அந்த ஒடுக்கமான நடைபாதையில்தான், சாக்கை விரித்துப் படுக்க வேண்டும். அதுதான் மரியாதை. ஓடையும் எங்களுக்கு எதிரிலேயே ஓடியது. ராத்திரியெல்லாம் கொசு எங்களை முழு ஆளாக நினைத்துத்தான் கடித்தது.

மாமாவின் மகன் செல்லையா என் வயது. எனக்கு மச்சான், கூட்டாளி எல்லாம் அவன்தான். என்னைவிட உயரம். இரண்டு வாளியையும் தூக்கிக்கொண்டு பாலத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே நடப்பான். ஒரு சொட்டு சிந்த மாட்டான். தோட்டம் முழுக்கப் பார்த்தது. இருந்தும் மாமா அவனை முழு ஆளாக்கவில்லை.

"ஏங்க, புள்ளை என்னங்க கொறஞ்சு போயிட்டான்?" என்று அத்தை கேட்டார்.

"எம் மகன மொதல்ல ஏத்துனா லயமே பேசும். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்."

நேர்மை என்று இதைத்தான் சொல்கிறார்கள். அந்தக் கொஞ்ச நாளில் மழை வந்தது. மழையோடு காய்ச்சலும் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் செல்லையா நடுங்கினான். நடுங்காத நாளில் வேலைக்குப் போனான். பெரட்டில் அவனுடைய அப்பாவே "செல்லையா, அரையாள்!" என்று கூப்பிட்டார். சின்னக் கரண்டியில் குடித்தான். பிறகு ஒருநாள் எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்து திரும்பும்போது மாமா டிரஸ்ஸரை வழியில் நிறுத்தினார்.

"அந்தப் பயலுக்கு ஏன்யா சின்னக் கரண்டியில ஊத்துனீங்க? என் ஒசரம் இருந்தானே."

டிரஸ்ஸர் கெட்டவர் அல்லர். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. "நீங்கதானே கங்காணி அரையாள்னு கூப்பிட்டீங்க" என்றார்.

மாமா தலைப்பாகையை அவிழ்த்தார். மறுபடி கட்டவில்லை. கையில் பிடித்தபடியே வீட்டுக்கு நடந்தார்.

அடுத்த பெரட்டில் அந்தச் சொல்லை நிறுத்தினார். பேரை மட்டும் கூப்பிட்டார். கணக்கெழுதும் ஆபீஸ் கிராணிக்குக் கோபம்.

"என்ன கங்காணி, வெறும் பேரைச் சொன்னா நான் எந்தப் பக்கம் எழுதுறது?"

"நீங்க எந்தப் பக்கம் வேணாலும் எழுதுங்கய்யா. கரண்டி மட்டும் ஒரே கரண்டியா இருக்கட்டும்."

நடக்கவில்லை. தோட்ட மேனேஜரான வெள்ளைக்காரத் துரையிடம் போனார். ரப்பர் விலை விழுந்து, முழு ஆட்களையே இந்தியாவுக்குத் திருப்பிக் கப்பலேற்றிக்கொண்டிருந்த சமயம் அது. புதிதாக யாரையும் முழு ஆளாக்க முடியாது என்றார் துரை. "சம்பளம் அரையாவே இருக்கட்டும் தொரை, மருந்த மட்டும் முழுசாக் குடுங்க" என்றிருக்கிறார் மாமா. கிராணி அதை இங்கிலீஷில் சொன்னாராம். துரை சிரித்தாராம். "சிரிக்கிற மாதிரி நான் ஒண்ணும் சொல்லலையே, அந்த ஆளு என்னத்தச் சொல்லித் தொலைச்சானோ" என்று மாமா வீட்டில் வந்து புலம்பினார்.

லயத்துத் தாய்மார்களிடம் போனார். பையன்களை உள்ளே படுக்க வைக்கச் சொன்னார்.

"நல்ல கூத்துங்க கங்காணி! மீச மொளச்ச பயல உள்ளயா போட்டுக்கச் சொல்றீங்க? ஊரு சிரிக்கும்."

"மீசையப் பாத்து கொசு பயப்படாது தாயி."

அவர்களும் கேட்கவில்லை. கடைசியில் தம் வீட்டுக் கொசுவலையை அவிழ்த்து அஞ்சடியில் கட்டினார். தோட்டத்துக் கூலி லயங்களில் வலை இருந்த வீடு அவருடையது மட்டும்தான். அதற்குள் நாங்கள் தலையை நுழைத்தோம். கால்கள் வெளியே கிடந்தன. "தலைக்குத்தான் காய்ச்சல் வரும், காலுக்கு வராது" என்றான் குப்பன். அன்றைக்கு மாமா சிரிக்கவில்லை.

அதன் பிறகுதான் அந்தக் காரியத்தைத் தொடங்கினார். பெரட்டில் தம் முறை வந்ததும், தம் பெரிய கரண்டிக் கொயினாவை ஓர் அரையாளுக்கு ஊற்றச் சொல்வார். இன்றைக்கு ஒருவன், நாளைக்கு ஒருத்தி. அவர் குடிக்கவில்லை. நான் ஜோகூர் பாருவுக்குப் போன பிறகும் அது நடந்தது. ஊருக்கு வந்திருந்தபோது நான் நேராகவே சொன்னேன்:

"மாமா, இது முட்டாத்தனம். ஒரு கரண்டிய வச்சு எத்தன பேரக் காப்பாத்துவீங்க?"

"இன்னிக்கி ஒருத்தன்டா."

"தெனம் குடிச்சாத்தான் மருந்து. நீங்க படுத்துட்டா அந்த ஒண்ணும் இல்ல."

"எனக்குக் காய்ச்சல் பழகிப்போச்சுடா. கட்ட ஒடம்பு. நீ போய் வண்டிக்கு எண்ண போடு, போ."

பழகவில்லை. நான் சொன்னதுதான் நடந்தது. சொன்னது நடந்ததில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை.

லோரி தோட்டத்துக்குள் போனபோது பாடை தயாராக இருந்தது. தூக்க ஆளில்லை. முழு ஆட்களில் பாதிப் பேர் காய்ச்சலில் கிடந்தார்கள். மீதிப் பேர் காட்டில், பால்வெட்டில். ஆபீசிலிருந்து உத்தரவு வந்திருந்தது: பால்வெட்டு நிற்கக் கூடாது, கங்காணி அடக்கத்துக்கு அரையாட்கள் போகலாம். அவர்கள் போனால் நஷ்டம் குறைவாம்.

ஆகவே மாமாவை அரையாட்கள் தூக்கினார்கள். குப்பனும் அவனோடு மூன்று பேரும். நான் முன்னால் நெருப்புச் சட்டி பிடித்து நடந்தேன். மழையில் கட்டைப் பாலம் வழுக்கியது. எதிரே வந்த யாரோ ஒரு பெரியவர், "சின்னப் பயலுகடா, கவுத்துராதீங்க" என்று கத்தினார். குப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு, "நீங்க வழிய விடுங்க பெரியப்பா" என்றான்.

மறுநாள் பெரட்டுக்கு நானும் போய் ஓரமாக நின்றேன். வேறொரு கங்காணி பேர் கூப்பிட்டார். "குப்பன், அரையாள்!" டிரஸ்ஸர் சின்னக் கரண்டியை எடுத்தார்.

"டிரஸ்ஸரய்யா, நேத்து நான் தூக்குனது முழுப் பாரம்" என்றான் குப்பன்.

டிரஸ்ஸர் கரண்டியைப் பார்த்தார். கிராணியைப் பார்த்தார். "ஆபீஸ்ல சொல்லு தம்பி" என்று சின்னதிலேயே ஊற்றினார்.

இதைப் படிக்கிறவர்களில் தோட்டத்து ஆட்கள் இருந்தால், உங்கள் வாளியில் எத்தனை கரண்டி கிடக்கிறது என்று பாருங்கள். எனக்கு வேறு ஆறுதல் வேண்டாம்.

மாமா, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஓடைக்கு மேல் அந்தப் பையன்கள் உங்களைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது, பாடை ஒரு பக்கமும் சாயவில்லை. உங்கள்மேல் போட்ட பூ ஒன்றுகூடத் தண்ணீரில் விழவில்லை. நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். உங்கள் சோதனையில் அவர்கள் ஜெயித்துவிட்டார்கள். முழு ஆள் என்று கூவிச் சொல்ல வேண்டிய குரல்தான் அவர்கள் தோளில் படுத்திருந்தது.

போய் வாருங்கள் மாமா. செல்லையாவைப் பார்த்தால், முதலில் அவனை அப்படிக் கூப்பிடுங்கள்.