வெயில் இல்லாத வாரமும் தடுப்பூசிப் பெட்டியும்

காலையில் வெயில் மலையைத் தாண்டிக் கூரைமேல் விழுந்ததும் அது மெல்ல முனக ஆரம்பிக்கும். ஊசி அறை மூலையில் இருந்த வெள்ளைப் பெட்டி... மேல்பக்கம் திறக்கிற தடுப்பூசி ஃபிரிட்ஜ். சாயங்காலம் வெயில் இறங்கியதும் தானாக அடங்கிவிடும்.

நர்ஸாக நான் முதலில் வேலைக்குப் போன ஊர் அது. கர்நாடக எல்லையில், பாலாறு செக்போஸ்ட் பக்கம், காட்டோரம். நான் மைசூரில் வளர்ந்தவள். வீட்டில் தமிழ், வெளியே கன்னடம். அந்த ஊர்த் தமிழ் காதுக்குப் பழகவே கொஞ்ச நாள் பிடித்தது.

அங்கே கரண்ட் போனால் எப்போது வரும் என்று லைன்மேனுக்கே தெரியாது. யானை ஒரு மரத்தைச் சாய்த்தால் போதும், கம்பி அறுந்துவிடும். அதனால் மருந்தை அங்கே வைத்துக்கொள்ள முடியாது. ஊசி போடும் நாளில் ஐஸ் டப்பாவில் வைத்து பஸ்ஸில் வரும். பஸ் வராவிட்டால் ஊசியும் இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்த அம்மாக்கள் அப்படியே திரும்பிப் போவார்கள்.

அதற்காகத்தான் சோலார் ஃபிரிட்ஜ் வந்தது. கூரையில் பேனல், கீழே பெட்டி. மாட்டிக் கொடுத்தவர்கள் கிளம்பிய பிறகுதான் கவனித்தேன்... பேட்டரியே இல்லை. அப்புறம் ராத்திரியில் எப்படிக் குளிர்கிறது? மூடி ஓரத்தில், தனிச் செல்லில் ஓடும் சின்னத் திரையில் காலையில் நான்கு டிகிரி என்று காட்டும். இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில் இருந்தால் மருந்துக்கு நல்லது. சரியாகத்தான் இருக்கிறது, ஏன் என்றுதான் தெரியவில்லை. வேலை மும்முரத்தில் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

அப்புறம் அந்த மழை வாரம் வந்தது.

வானம் வெளுக்கவே இல்லை. பெட்டியும் முனகவில்லை. அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருந்தது. ஊசி நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. காட்டு ஓடையில் தண்ணீர் வந்து பஸ்ஸும் நின்றுபோனது. பெட்டியில் இருக்கும் மருந்து கெட்டால் வேறு மருந்து வர வழியில்லை.

அப்போது மாதையன் வந்தார். ராகி விவசாயி. அவருடைய கைக்குழந்தைக்கு அந்த வாரம்தான் ஊசி. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"ஏனுங்க சிஸ்டரம்மா, இதுவும் சோலாருதானுங்களே?"

"ஆமாங்க."

"எங்க காட்டுல ஆனைக்குன்னு சோலார் கரண்டு வேலி போட்டிருக்கறனுங்க. நேத்து பேட்டரி செத்துப்போச்சு. ஆனை உள்ள பூந்து பாதி ராகிய மிதிச்சுப்போட்டுது. வெயில் இல்லாம வேலியே செத்துப்போவுதுன்னா, இது மட்டும் எப்படிங்க உசுரோட இருக்கும்?"

அவர் கோபத்தில் கேட்கவில்லை. ராகி போன மனுஷன், பிள்ளை விஷயத்திலும் ஏமாந்துவிடக்கூடாது என்று கேட்டார். "தெரியலைங்க. கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குக் குடை பிடித்துக்கொண்டு ஏறிப் போன் போட்டேன். ஃபிரிட்ஜ் மாட்டிய டெக்னீசியன் மைசூர்க்காரர். என்னைப் போலவே பாதி தமிழ், பாதி கன்னடம்.

"டென்ஷன் பேடா... வேணாம் சிஸ்டர்," என்றார். "பேட்டரின்னா கொஞ்ச வருஷத்துல போயிடும், அங்க வந்து யாரு மாத்தறது? அதான் வேணும்னே வைக்கல. பெட்டி சுவத்துக்குள்ள தண்ணி இருக்கு. வெயில் அடிக்கறப்போ மிஷின் அதை ஐஸாக்கி வச்சுக்கும். வெயில் இல்லன்னா அந்த ஐஸ் குளிர் குடுக்கும். சில நாள் தாங்கும். மூடிய மட்டும் சும்மா சும்மா தெறக்காதீங்க."

அட, இவ்வளவுதானா என்றிருந்தது. நேராக மாதையன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் மனைவி செல்வி, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஐஸும் கரைஞ்சுபோச்சுன்னா?" என்றாள்.

"திரையில நம்பர் ஏறும். எட்டைத் தாண்டிட்டா நானே ஊசி போட மாட்டேன்."

"நாங்க வந்து பாக்கலாமுங்களா?"

"வாங்க."

மறுநாளிலிருந்து மாதையன் வந்தார். பின்னாலேயே தெருவில் இன்னும் சிலர். திரையைப் பார்ப்பார்கள், போவார்கள். நான்கு, ஐந்தானது. ஊசி நாளன்று காலை ஆறு. மழை விடவில்லை. நான் திரையையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் எண்ணைப் பற்றி மட்டுமில்லை... மாதையன் வீட்டார் வராவிட்டால் அந்தத் தெருவே வராது.

செல்விதான் முதலில் வந்தாள், குழந்தையை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு. பின்னால் மாதையன். மருந்துக் குப்பியை எடுத்து, ஒட்டியிருந்த சின்ன வட்டத்தைக் காட்டினேன். நடுவில் வெள்ளைச் சதுரம். மருந்துக்கு அதிகமாகச் சூடு பட்டிருந்தால் அது கறுத்திருக்கும். இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

"வெள்ளையாத்தான் இருக்குது," என்றாள் செல்வி. "போடுங்க."

குழந்தை வீறிட்டது. மாதையன் அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே யோசனையாகக் கேட்டார்.

"அப்ப எங்க வேலிக்கும் இந்த மாதிரி ஐஸு வெக்க முடியாதுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, நிஜமாகவே கேட்டார். ஐஸால் குளிர வைக்கத்தான் முடியும், வேலிக்குக் கரண்ட் தர முடியாதே என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். தலையாட்டிக்கொண்டு போனார். மத்தியானத்துக்குள் அந்தத் தெருக் குழந்தைகள் எல்லோருக்கும் போட்டு முடித்துவிட்டோம்.

இப்போது நான் மைசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். கரண்ட் போனால் அடுத்த நிமிஷம் ஜெனரேட்டர் ஓடும். ஊசிக்கு வருகிறவர்கள் டோக்கன் வாங்குகிறார்கள், போனைப் பார்க்கிறார்கள், போட்டுக்கொண்டு போகிறார்கள். மருந்து எங்கிருந்து வருகிறது, எதில் இருக்கிறது... யாரும் கேட்பதில்லை.

போன மாதம் அந்த ஊரில் இப்போது இருக்கும் நர்ஸிடம் பேசினேன். மழை நாளில் யாராவது வந்து திரையைப் பார்க்கிறார்களா என்று கேட்டேன்.

"யாரும் வர்றதில்லக்கா. ஊசி நாள்ல நேரா வந்துடறாங்க. நம்பிக்கை வந்துடுச்சு."

அன்றைக்கு நான் ஆசைப்பட்டதும் இதற்குத்தான். ஆனாலும் போனை வைத்த பிறகு, மாதையன் மாதிரி யாராவது வந்து "ஏனுங்க சிஸ்டரம்மா..." என்று ஆரம்பிக்க மாட்டார்களா என்றிருந்தது.