கடிக்காத பூண்டு நசுக்கி

ஹமீதா அக்கா இறந்த செய்தி ரயில்வே போன் வழியாக வந்தது. பொம்மிடி ஸ்டேஷனில் இருந்தவர்கள் மொரப்பூருக்குச் சொல்ல, அங்கே வேலையில் இருந்த என் வீட்டுக்காரர் அந்தோணி பாதி வேலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கு வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, “லூர்து, பாத்திரக்கடை அக்கா போயிட்டாங்களாம். காலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். வண்டி புடிக்கறதுக்குள்ள முடிஞ்சிடுச்சாம்” என்றார். கொடியில் போட எடுத்த ஈரத்துணி என் கையிலேயே இருந்தது. அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். இனிமேல் என்னை அதட்ட யார் இருக்கிறார்கள் என்ற பயம்.

பொம்மிடிக் கடைத்தெருவில் பாத்திரம் வாங்கியவர்களுக்கு அக்காவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கல்லாவில் உட்கார்ந்திருந்தது அவருடைய வீட்டுக்காரர்தான். ஆனால் எந்தச் சாமான் கடைக்குள் வரலாம் என்று முடிவு செய்தது அக்கா. புதிதாக எது வந்தாலும் முதலில் கடைக்குப் பின்னால் இருந்த அவருடைய அடுப்படிக்குப் போகவேண்டும். குக்கரா, அதில் பருப்பு வேகவேண்டும். தோசைக்கல்லா, அதில் தோசை எழும்பவேண்டும். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரையும் கூப்பிட்டு ஆளுக்கு ஒருமுறை கையாளச் சொல்வார். “கடையில எல்லாந்தான் மினுக்கும். நம்ம கைக்கு ஒத்து வருதான்னு பாக்கணுமில்ல?” என்பார். சேலத்திலிருந்து வரும் ஏஜெண்டுகள் கல்லாவில் இருக்கும் பாயிடம் சிரித்துப் பேசிவிட்டு, அக்கா வருகிற சத்தம் கேட்டால் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வார்கள்.

மொரப்பூருக்கு வருவதற்கு முன், எண்பத்து மூன்றில் நாங்கள் அந்தக் கடைக்குப் பின்புறம் இருந்த லைன் வீட்டுக்குக் குடிவந்தோம். அடுத்தடுத்து வீடுகள், நடுவில் ஒரு பொது முற்றம், ஒரு குழாய். எதிர்வீட்டுப் பாக்கியம் அக்காவின் கண்ணுக்குத் தப்பி அங்கே ஒரு காக்கை கூடப் பறக்க முடியாது. என் மகள் பிறந்து தவழ ஆரம்பித்த வருடம்தான் பூண்டு நசுக்கி வந்தது.

அதுவரை அப்படி ஒன்றை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. பாக்குவெட்டி மாதிரி இரண்டு கைப்பிடி. முனையில் ஓட்டை ஓட்டையாக ஒரு சின்னக் கிண்ணம். பூண்டுப் பல்லை அதில் போட்டு அழுத்தினால் ஓட்டை வழியாக விழுதாக வெளியே வரும். ஏஜெண்ட் மூன்று தினுசு கொடுத்துவிட்டுப் போயிருந்தான். ஒன்று இலேசான அலுமினியம். ஒன்று பளபளவென்று முலாம் பூசிய இரும்பு. இன்னொன்று கனமான ஸ்டீல். அக்காவின் வீட்டில் மறுநாள் விருந்து. பிரியாணிக்கு ஒரு கூடைப் பூண்டு உரித்துக் கிடந்தது. மத்தியானம் எல்லாரையும் கூப்பிட்டுவிட்டார்.

அலுமினியம் முதல் பிடியிலேயே வளைந்துவிட்டது. அக்கா அதைத் தூக்கி மூலையில் போட்டார். அடுத்தது முலாம் பூசியது. பார்க்க அழகு. பூண்டும் நன்றாக நசுங்கியது. ஆனால் அழுத்தி முடிக்கும்போது கைப்பிடிகள் இரண்டும் ஒன்றோடொன்று முட்டி, சுண்டுவிரல் பக்கத்துச் சதையைக் கவ்வின. பாக்கியம் அக்கா “ஐயோ, கடிக்குதுடி!” என்று கையை உதறினார். அடுத்து பிடித்தவரும் உதறினார். ஹமீதா அக்காவே ஒருமுறை அழுத்திவிட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டார். எல்லாருக்கும் ஒரே சிரிப்பு.

என் முறை வந்தது. நான் வேகமாக ஒரு கிண்ணம் பூண்டு நசுக்கிவிட்டேன்.

“உனக்குக் கடிக்கலயா?” என்றார் அக்கா.

“இல்லீங்க்கா. எனக்கு ஒண்ணும் பண்ணல.”

“அவ காட்டு வேல செஞ்ச கையி. நம்ம கையி மாதிரியா? மரத்துப் போயிருக்கும்” என்றார் பாக்கியம். எனக்குப் பெருமையாக இருந்தது. இன்னும் இரண்டு பல் எடுத்துப் போட்டு அழுத்திக் காட்டினேன்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என் வலது கையைப் பிடித்துத் திருப்பினார். சுண்டுவிரலுக்குக் கீழே சதை கிழிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அதில் பூண்டுச் சாறும் வழிந்திருந்தது. நான் அதை அப்போதுதான் பார்த்தேன். மற்றவர்கள் பார்ப்பதற்குள் அக்கா என் விரல்களை மடக்கித் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். நான் நசுக்கிய கிண்ணத்தை எடுத்து, “த்தூ, முலாம் பேந்து பூண்டுல வுழுந்திருக்கு. இத எவன் தின்னுறது?” என்று அப்படியே சாக்கடையில் கொட்டினார். “போங்க, போங்க, எனக்குத் தொழுவற நேரமாச்சு” என்று எல்லாரையும் விரட்டினார். சாமான் விஷயத்தில் ஒருநாளும் பொய் சொல்லாதவர். முலாம் பெயரவில்லை என்பது எனக்குத் தெரியும்.

கதவைச் சாத்திவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். “கீறல்ல பூண்டுச் சாறு பட்டிருக்குதே, எரியல?” என்றார். எரியவில்லை. என்னைக் கண்ணை மூடச் சொன்னார். கிண்ணத்து ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்ய வைத்திருந்த ஈர்க்குச்சியால் என் கையைத் தொட்டு, “எந்த விரலு?” என்று கேட்டார். கட்டைவிரல் என்றேன். நடுவிரல் என்றேன். பிறகு ஒன்றும் நடக்கவில்லை. “தொடுங்கக்கா” என்றேன். கண்ணைத் திறந்து பார்த்தால் குச்சி என் சுண்டுவிரலை அழுத்திக்கொண்டிருந்தது.

அந்த நிமிடம் எனக்கு வந்த பயத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. என் தாய் ஊரில் ஏரிக்கரைப் பக்கம் தனிக் குடிசையில் தொழுநோய் வந்த ஒருவர் இருந்தார். கோயிலுக்கு வந்தால் வெளியே நின்றே பூசை பார்ப்பார். அவருடைய பிள்ளைகள் தூரத்தில் சோற்றை வைத்துவிட்டு ஓடுவார்கள். என் மகள் தவழ்ந்து வந்து என் கையைப் பிடித்துத்தான் எழுந்து நிற்பாள். இந்தக் கையால்தான் அவளுக்குச் சோறு ஊட்டினேன். அவளை என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். வேறு எதுவும் அப்போது மனசில் இல்லை.

“அந்தப் பெரிய நோவாக்கா?” என்றேன்.

“இருக்கலாம். எங்க பெரியம்மாவுக்கு இப்பிடித்தான் ஆரம்பிச்சது. சட்டி சுட்டதே தெரியாது அவங்களுக்கு. பயந்துகிட்டு யாருகிட்டயும் சொல்லாம வச்சிருந்து, வெரல்லாம் போச்சு. அவங்களுக்கு மாத்திர இல்ல. உனக்கு இருக்குது. அடுத்த வாரம் தருமபுரிக்குப் போறோம்.”

“நான் வரல.”

“வரலன்னா உன் வூட்டுக்காரருகிட்ட நானே சொல்றேன்” என்றார். அக்கா மிரட்டினால் செய்வார் என்பது ஊருக்கே தெரியும்.

கடைக்குச் சரக்கு எடுக்கத் துணைக்கு லூர்துவைக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லி என்னை பஸ் ஏற்றினார். வழியெல்லாம் முந்தானையைக் கைமேல் போட்டு மூடிக்கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரியில் எந்த வரிசையில் நிற்கிறோம் என்று யாராவது தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று சுவரைப் பார்த்து நின்றேன். அக்கா எனக்கு மறைப்பாக நின்றார். டாக்டரம்மா முழங்கை நரம்பைத் தடவிப் பார்த்தார், முதுகில் இருந்த வெளிறிய தேமலைப் பார்த்தார், அதேதான் என்றார். புது மாத்திரை வந்திருக்கிறது, விடாமல் சாப்பிட்டால் முழுதாகக் குணமாகும், குழந்தையைத் தூக்கலாம், பால் கொடுக்கலாம் என்றார். விரலுக்கு உணர்ச்சி திரும்புமா என்பதை மட்டும் சொல்ல முடியாது என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். “பயப்படு. வேணாங்கல. மாத்திரய முழுங்கிட்டுப் பயப்படு” என்றார் அக்கா. பிறகு எனக்கு ஜன்னலோர இடத்தைக் கொடுத்துவிட்டுத் தூங்கிப் போனார்.

அந்த மாதங்கள் முழுக்க நான் திருடி மாதிரி வாழ்ந்தேன். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் விழுங்க வைக்கும் மாத்திரையால் மூத்திரம் சிவப்பாகப் போகும். பொதுக் கக்கூஸில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவேன். தினசரி மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தேன். முற்றத்தில் யாராவது குசுகுசுவென்று பேசினால் என்னைப் பற்றித்தான் என்று தோன்றும். அந்த சமயத்தில் இண்டூரிலிருந்து மாமியார் வந்து தங்கினார். அரிசிப் பானையில் கை விடுகிறவர் அவர்தான். நான் மாத்திரையை எடுத்துக் கூரை ஓட்டுக்கு அடியில் செருகிவிட்டேன். அதை எட்டி எடுக்க வழியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சாப்பிடாமல் விட்டேன்.

அக்காவுக்கு எப்படித்தான் தெரிந்ததோ. ஒருநாள் காலையில் குழாயடியில் எல்லாரும் இருக்கும்போது, கையில் அந்த முலாம் பூசிய நசுக்கியைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு நடுவில் வந்து நின்றார். “லூர்து, இந்தப் பூண்டு நசுக்கி கதய இவங்களுக்கெல்லாம் சொல்லிரட்டா?” என்று சத்தமாகக் கேட்டார்.

“என்ன கத, என்ன கத?” என்று பாக்கியம் அக்கா குடத்தை இறக்கி வைத்தார். மாமியார் வாசற்படிக்கு வந்தார்.

“உள்ள போயி நாஸ்டா துன்னுட்டு வா. அப்பறம் சொல்றேன்” என்றார் அக்கா, என்னையே பார்த்துக்கொண்டு.

உள்ளே ஓடினேன். முக்காலி போட்டு ஏறி, மாத்திரையை எடுத்துத் தண்ணீர் கூட இல்லாமல் விழுங்கினேன். வெளியே அக்கா, ஏஜெண்டின் கையை அந்த நசுக்கி எப்படிக் கடித்தது என்று ஏதோ கதை கட்டி எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவரை நான் மனதார வெறுத்தேன். இப்படி ஒருத்தி கையில் என் குடி மாட்டிக்கொண்டதே என்று பல்லைக் கடித்தேன்.

அவர் சொல்வதற்குள் நானே சொல்லிவிடலாம் என்று அந்த வாரமே வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் எழுந்து வெளியே போனார். அவர் திரும்பி வரும்வரை மகளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நேராக அக்காவிடம்தான் போயிருக்கிறார். வந்து, “அடுத்த தபா நான் கூட்டிட்டுப் போறேன். அந்தக்கா பாவம், கட வேலய வுட்டுட்டு அலையுறாங்க” என்றார். மாமியாருக்குக் கடைசிவரை தெரியாது.

மருந்து முடிந்தது. நோய் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சுண்டுவிரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை. அக்காவின் அடுப்படிக்கு ஓடினேன். “இனிமே பயமில்லீங்க்கா” என்றேன்.

“யாரு சொன்னா?” என்றார், வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல். “நோவு போச்சு. வலி வரலியே. எனக்குக் கை சுட்டா வலி வந்து சொல்லும். உனக்கு எது சொல்லும்? பயந்தான் சொல்லணும். அத வுட்றாத.” பிறகு அந்தக் கனமான ஸ்டீல் நசுக்கியை எடுத்து என்னிடம் கொடுத்தார். முழுசாக அழுத்தினாலும் அதன் கைப்பிடிகளுக்கு நடுவே ஒரு விரல் அகலம் இடைவெளி இருந்தது. “வாங்குனா இப்பிடித்தான் வாங்கணும். சந்து வுடாதத வாங்கக்கூடாது” என்றார். கடைக்கும் அந்தத் தினுசு மட்டும்தான் எடுத்தார். உங்களில் யார் வீட்டிலாவது அந்த நசுக்கி இருந்தால் பிடித்துப் பாருங்கள். அது கடிக்காது.

இதைப் பெயரோடு எழுதுகிறேன். எழுதும்போதும் பயமாகத்தான் இருக்கிறது. படித்துவிட்டு யார் என் வீட்டில் தண்ணீர் குடிப்பார்கள், யார் மாட்டார்கள் என்று தெரியாது. ஆனால் எங்கோ ஓர் அடுப்படியில் ஒருத்தி தன் கைக்கு ஒன்றும் செய்யவில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஹமீதா அக்கா இருப்பார் என்று என்ன நிச்சயம்?

சாவுக்குப் போய்விட்டு வந்த மறுநாள் காலை சமையல் முடித்துக் கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். சுண்டுவிரல் ஓரத்தில் கொப்புளம். குழம்புச் சட்டியை இறக்கும்போது சுட்டிருக்கவேண்டும். கழுவி, மருந்து வைத்துத் துணி சுற்றினேன். அப்புறம் இன்னொரு கையையும் பார்த்தேன், பாதங்களையும் பார்த்தேன்.

அக்கா, நான் பயந்துகொண்டுதான் இருக்கிறேன்.